வாள்வெட்டுச் செய்திக்குப் பிறகு என்ன நடந்தது?

யாழ்ப்பாணத்துச் செய்திகளை நாளாந்தம் வாசிப்பவர்களுக்கு இந்த வரிகள் மனப்பாடமாகியிருக்கும். மோட்டார் சைக்கிள்களில் முகத்தை மூடிக்கொண்டு வந்த இனந்தெரியாத குழு. வீட்டின் மீது தாக்குதல். கண்ணாடிகளும் கதவுகளும் சேதம். வெட்டுக்கு இலக்கானவர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அனுமதி. கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: சம்பவம் தொடர்பில் பொலிஸார் மேலதிக விசாரணைகளை மேற்கொண்டு வருகின்றனர்.

அந்த மேலதிக விசாரணை எங்கே போய் முடிந்தது என்பதை நாங்கள் அநேகமாக வாசிப்பதில்லை. யார் பிடிபட்டார்கள், எத்தனை நாளில் பிணையில் வந்தார்கள், வழக்கு எந்தத் தவணையில் நிற்கிறது, வெட்டு வாங்கியவர் சாட்சி சொல்லப் போனாரா, போகவேண்டாம் என்று யாரும் அவரை மிரட்டினார்களா என்பதெல்லாம் செய்தியாக வருவது அரிது. அதற்குள் அடுத்த ஊரில் அடுத்த சம்பவம் நடந்துவிடும்.

'இனந்தெரியாத' என்ற சொல்லுக்கு எங்களிடம் ஒரு சரித்திரம் இருக்கிறது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் 'இனந்தெரியாத ஆயுததாரிகள்' என்று எழுதியபோது எழுதியவருக்கும் வாசித்தவருக்கும் ஆட்கள் யார் என்ற ஊகம் பெரும்பாலும் இருந்தது. அச்சில் போட்டால் அடுத்த நாள் அலுவலகம் இருக்காது என்பதால் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொண்டார்கள். 2006 மே 2ஆம் திகதி 'உதயன்' அலுவலகத்துக்குள் புகுந்து இரண்டு பணியாளர்களைச் சுட்டுக் கொன்றவர்களும் அப்படி இனந்தெரியாதவர்களாகவே இருந்தார்கள். இன்றைக்கு அந்தச் சொல் வேறு வேலை பார்க்கிறது. விசாரித்து எழுத நேரமும் காசும் இல்லாத செய்தியை முடித்துவைக்க உதவுகிறது. பிரதேச நிருபருக்கு ஒரு செய்திக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கும் தொழிலில், ஒரு வழக்கின் பின்னால் ஆறு மாதம் அலையுங்கள் என்று அவரிடம் யார் கேட்பது?

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில வாரங்களுக்கு முன்னர் எங்கள் வட்டாரத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளை இரவோடு இரவாக யாரோ எரித்துவிட்டார்கள். ஒருவருக்கும் காயமில்லை. அடுத்த ஞாயிறு பின்னேரம் சனசமூக நிலையத்தில் இருபத்தைந்து முப்பது பேர் கூடினோம். இப்படியொரு கூட்டத்துக்கு எங்கள் பகுதியில் இவ்வளவு பேர் வந்து நான் பார்த்ததில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்தான் தொடங்கினார். "சந்தியில ஒரு பொலிஸ் காவலரண் போடச் சொல்லிக் கேப்பம். ராத்திரியில ரோந்து வரட்டும். கையெழுத்து வாங்கிக் குடுத்தா செய்வினம்." பலர் தலையாட்டினார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு தாய் எழும்பினார். "காவலரண் போட்டா அவை முதல் மறிக்கிறது என்ர மகனைத்தான் ஐயா. ரியூசன் முடிஞ்சு ஒன்பது மணிக்குத்தான் அவன் வாறவன். தலைமயிரைப் பாத்தே ஆவா எண்டு சொல்லுவினம்." அதற்கும் பலர் தலையாட்டினார்கள். முதலில் ஆட்டிய அதே தலைகள் சிலவும் அதில் இருந்ததை நான் பார்த்தேன்.

கடை வைத்திருக்கும் ஒருவர் இடையில் சொன்னார்: "அந்தக் காலத்தில இப்பிடி ஒண்டு நடந்திருந்தா அடுத்த நாள் பின்னேரத்துக்குள்ள முடிஞ்சிருக்கும்." எந்தக் காலம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

மோட்டார் சைக்கிளின் சொந்தக்காரர் கடைசிவரை பேசாமல் இருந்தார். முறைப்பாடு கொடுத்தீர்களா என்று ஆசிரியர் கேட்டார். "குடுத்தனான் ஐயா. சிங்களத்தில எழுதிச்சினம். கையெழுத்து வைக்கச் சொல்லிச்சினம், வைச்சிட்டு வந்தன். என்ன எழுதியிருக்கெண்டு தெரியாது."

அன்றைய கூட்டத்தில் பேசப்பட்ட எல்லாவற்றையும்விட இந்தப் பதில்தான் பெரியது என்று நான் நினைக்கிறேன். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 1979ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பொலிஸார் பதியும் வாக்குமூலத்தை அதைக் கொடுத்தவருக்குக் காட்ட வேண்டும் அல்லது வாசித்துக்காட்ட வேண்டும், எழுதிய மொழி அவருக்கு விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும், அவர் திருத்தமோ விளக்கமோ சொல்ல இடம்கொடுக்க வேண்டும் என்று அதன் 110ஆம் பிரிவு சொல்கிறது. அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நிர்வாக மொழி தமிழ். ஆனால், எரிந்த மோட்டார் சைக்கிளுக்காகப் போன ஒரு மனிதர், தான் என்ன சொன்னதாக எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் வீட்டுக்கு வருகிறார். நாளைக்கு வழக்கு என்று வந்தால் அந்தக் கடதாசியை வைத்துத்தான் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அவரைக் குறுக்குவிசாரணை செய்வார்.

காவலரண் வேண்டும் என்றவரும் வேண்டாம் என்றவரும் ஒரே ஒழுங்கையில் இருப்பவர்கள், ஒரே பயத்தில் பேசியவர்கள். பொலிஸாரோடு எங்களுக்கு இருக்கும் உறவு கொழும்பிலோ கண்டியிலோ இருக்கும் ஒரு குடும்பத்தின் உறவைப் போன்றதல்ல. 1981 மே 31ஆம் திகதி நாச்சிமார் கோவிலடிக் கூட்டத்தில் பொலிஸார் மீது துப்பாக்கிச் சூடு நடந்த பின்னர் இந்த நகரத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து இறக்கப்பட்ட பொலிஸாரும் சேர்ந்து நின்ற நாட்களில்தான் கடைகள் எரிந்தன, 'ஈழநாடு' அலுவலகம் எரிந்தது, பொது நூலகம் எரிந்தது. எரிந்த நூலகம் மாநகர சபையின் சொத்து. எங்கள் நகர சபைக்கும் பொலிஸுக்கும் இடையிலான கணக்கு அந்த இரவிலிருந்து தீராமல் கிடக்கிறது.

அது பழைய கதை என்பவர்களுக்குக் கிட்டிய கதைகளும் உண்டு. 2011 ஓகஸ்டில் 'கிறீஸ் பூதம்' என்ற பீதி நாடெங்கும் பரவியபோது நாவாந்துறை மக்கள் சந்தேகத்துக்குரியவர்களைத் துரத்திக்கொண்டு போனார்கள். அன்றிரவே படையினர் அந்தக் கிராமத்துக்குள் புகுந்து நூறு பேரளவில் ஆண்களை அடித்து இழுத்துச் சென்றார்கள். கள்ளனைப் பிடிக்கப் போன ஊர், விடியும்போது தன் ஆண்களைத் தேடி வைத்தியசாலைக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்தது. 2016 ஒக்ரோபரில் கொக்குவில் குளப்பிட்டியில் யாழ். பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் இறந்தபோது முதலில் வெளியே வந்த கதை மோட்டார் சைக்கிள் விபத்து என்பதாகும். உடலில் சூட்டுக்காயம் இருந்தது பிறகு வெளிவந்தது. ஐந்து பொலிஸார் கைதுசெய்யப்பட்டார்கள். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் கைதுசெய்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். தன்னை எப்படிச் சித்திரவதை செய்தார்கள் என்று அவரே சொல்லும் காணொளி வெளிவந்திராவிட்டால் அந்த மரணமும் இரண்டு பந்திச் செய்தியாக முடிந்திருக்கலாம்.

ஆகவே அந்தத் தாயின் பயத்தை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். ஆனால் ஆசிரியரின் பயத்தையும் குறைத்து மதிப்பிட முடியாது. தனியே இருக்கும் முதியவர்கள் எங்கள் பகுதியில் அதிகம். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். இரவில் நாய் குலைத்தால் எழும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் லைற்றைப் போட்டுவிட்டுப் படுத்திருப்பவர்களிடம் பொலிஸின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அவர்களுக்கு அன்றிரவு ஒருவர் வரவேண்டும்.

கடைக்காரர் சொன்ன 'அந்தக் காலம்' பற்றியும் சொல்லியாக வேண்டும். இது எங்கள் வாசகர்கள் பலருக்குக் கசக்கும். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் களவு குறைவாக இருந்தது, பெண்பிள்ளைகள் இரவில் பயமில்லாமல் போய்வந்தார்கள் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அனுபவித்தவர்கள் சொல்கிறார்கள். தமிழ் பேசும் காவல்துறை ஒன்று எப்படி இருக்கும் என்று அவர்கள் கண்டிருக்கிறார்கள். அதை ஏங்குவது குற்றமல்ல. ஆனால் அதற்கும் முன்னால், 1980களின் நடுப்பகுதியில், இயக்கங்கள் மின்கம்பங்களில் ஆட்களைக் கட்டிச் சுட்ட காலமும் எங்களுடையதுதான். கழுத்தில் தொங்கிய மட்டையில் 'சமூக விரோதி' என்று எழுதியிருந்தது. அவர்களில் கள்ளரும் இருந்திருக்கலாம், யாரோ ஒருவரின் கோபத்துக்கு ஆளானவரும் இருந்திருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்க ஒரு நீதவான் இருக்கவில்லை. இன்றைக்கும் ஒரு பொடியன் பிடிபட்டவுடன் 'சமூக விரோதி கைது' என்று தலைப்புப் போடும் இணையத்தளங்களைப் பார்க்கும்போது, அந்தச் சொல் எந்தக் கம்பத்திலிருந்து இறங்கி வந்தது என்பது தலைப்புப் போடும் இளம் ஆசிரியருக்குத் தெரியுமா என்று யோசிப்பேன்.

எங்கள் ஒழுங்கைச் சம்பவத்துக்கே வருகிறேன். எரித்த அன்று மத்தியானமே ஒரு இணையத்தளத்தில் செய்தி வந்துவிட்டது. தலைப்பு 'வாள்வெட்டுக் குழு அட்டகாசம்'. எங்கள் ஒழுங்கைக்கு வாள் வரவே இல்லை. அதைப் பிரதி செய்து இன்னும் நாலு தளங்களும் முகநூல் பக்கங்களும் போட்டன. ஒரு பக்கத்தில் வீட்டின் படமும் இருந்தது, மதிலில் இலக்கம் தெரிந்தது. கருத்துப் பகுதியில் யாரோ ஒருவர் 'கஞ்சாக் கொடுக்கல் வாங்கலாம்' என்று எழுத, பின்னேரத்துக்குள் அது ஊர்க்கதையாகிவிட்டது. அந்த வீட்டில் உயர்தரம் படிக்கும் ஒரு பொடியன் இருக்கிறான். கனடாவிலிருக்கும் பெரியப்பா எடுத்து, அவன் உண்மையில் என்ன செய்தவன் என்று விசாரித்திருக்கிறார். மோட்டார் சைக்கிள் எரிந்ததால் அந்தக் குடும்பத்துக்கு நட்டம் சில இலட்சம். செய்தியால் வந்த நட்டத்தை எப்படிக் கணக்கிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

'ஆவா' என்ற பெயரின் கதையும் இப்படித்தான் வளர்ந்தது. 2016 ஒக்ரோபர் 23ஆம் திகதி சுன்னாகத்தில் பொலிஸ் புலனாய்வாளர்கள் இருவர் வாளால் வெட்டப்பட்டதும் அந்தப் பெயரில் துண்டுப்பிரசுரம் வெளிவந்தது. குளப்பிட்டி மாணவர்கள் கொல்லப்பட்டு மூன்று நாட்கள்கூட ஆகவில்லை. நாட்டின் கண் ஒரு பொலிஸ் கொலையிலிருந்து ஒரு வாள் குழுவுக்குத் திரும்பியது. நவம்பரில் அப்போதைய அமைச்சரவைப் பேச்சாளர் ராஜித சேனாரத்ன, அந்தக் குழுவை உருவாக்கியது முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ஷவின் காலத்துப் படைத்தரப்புத்தான் என்று பகிரங்கமாகச் சொன்னார். கோட்டாபய மறுத்தார். அமைச்சர் ஒருவர் இவ்வளவு பெரிய குற்றச்சாட்டைச் சொன்ன பிறகு அதை விசாரித்து முடிவு சொல்லும் கடமை அரசுக்கு இருந்தது. அந்த முடிவை ஊடகங்களும் விடாமல் கேட்டிருக்க வேண்டும். நடந்தது என்னவென்றால், ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த பாதியை எடுத்துக்கொண்டார்கள். தென்னிலங்கைத் தொலைக்காட்சிகளுக்கு ஆவா என்றால் புலிகளின் மறுபிறப்பு. எங்களில் பலருக்கு ஆவா என்றால் புலனாய்வுத் துறையின் வேலை. வாளோடு திரிந்தவர்களில் அநேகர் பாடசாலையை இடைநடுவில் விட்ட பத்தொன்பது இருபது வயதுப் பொடியள் என்பது இரண்டு கதைக்கும் வசதியாக இல்லை. வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி இங்கே ஆள் வைத்து வெட்டுவிக்கிறார்கள் என்று பொலிஸார் பல தடவை ஊடகங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். புலம்பெயர்ந்த வாசகர்கள் அதிகமுள்ள எங்கள் தளங்களில் அந்தப் பக்கத்தைத் தோண்டி எழுதிய கட்டுரைகளை விரல்விட்டு எண்ணலாம்.

ஊடகங்களின் கண் தொடர்ந்து விழுந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் எங்களிடம் உதாரணம் உண்டு. 2015 மே மாதம் புங்குடுதீவில் ஒரு பாடசாலை மாணவி கொல்லப்பட்டார். ஊரவர்கள் பிடித்துக் கட்டிவைத்த பிரதான சந்தேகநபர் எப்படிக் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தார் என்ற கேள்வியைச் சனமும் ஊடகங்களும் விடவில்லை. 2017 செப்டெம்பரில் தீர்ப்பாயம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. சந்தேகநபர் தப்ப உதவிய குற்றச்சாட்டில் சிரேஷ்ட பிரதிப் பொலிஸ்மா அதிபராக இருந்த லலித் ஜயசிங்க 2017இல் கைதாகி, 2025இல் நான்கு வருட கடூழியச் சிறைத்தண்டனை பெற்றார். ஒரு உயர் பொலிஸ் அதிகாரி வடக்கில் நடந்த ஒரு குற்றத்துக்குப் பதில் சொல்ல வைக்கப்பட்டது சின்ன விடயமல்ல.

அதே வழக்கில் எங்கள் ஊடகங்கள் செய்த அநியாயமும் உண்டு. அந்தப் பிள்ளையின் படம் எங்கும் ஓடியது, பதாகைகளிலும் ஏறியது. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின்படி குற்றம் என்பது 1995ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற சட்டம். 2015 மே 20ஆம் திகதி யாழ். நீதிமன்றத் தொகுதியில் கூடிய கூட்டம் கல்லெறிந்ததும் நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் பிடிபட்டார்கள். அவர்களில் பலர் அன்று கடைக்கு வந்தவர்கள் என்று அவர்களது குடும்பங்கள் சொன்னன. அந்த இளைஞர்களின் வழக்குகள் எப்படிப் போயின என்று தொடர்ந்து எழுதியவர்கள் யார்?

கமராவை வைத்து நீதி செய்யும் வேலையைப் பிறகு பொலிஸாரே கையில் எடுத்தார்கள். 2023 டிசெம்பரில் தேசபந்து தென்னக்கோன் பதில் பொலிஸ்மா அதிபராக இருந்தபோது 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியது. தொலைக்காட்சிக் கமராக்கள் பின்னால் வர, வீடுகளுக்குள் புகுந்து சோதனை. பெண்களும் பிள்ளைகளும் முகம் மறைக்க முடியாமல் நின்றார்கள். அடுத்த மாதமே ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்தச் சொன்னார்கள். அதைத் தொடங்கிய அதிகாரி ஒரு மனிதரைச் சித்திரவதை செய்ததற்குப் பொறுப்பாளி என்று அதே டிசெம்பரில்தான் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 2025 ஓகஸ்டில் நாடாளுமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. யுக்திய தொடங்கிய நாட்களில் எங்கள் பக்கத்திலும் அதற்குக் கைதட்டியவர்கள் குறைவில்லை. 'பிடிக்கட்டும், போதைவஸ்து ஒழியட்டும்' என்று எழுதினார்கள். ஐஸும் ஹெரோயினும் எங்கள் பிள்ளைகளை என்ன செய்கிறது என்று பார்த்தவர்களின் கோபம் அது. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் கமராவுக்கு முன்னால் பிடிபட்டவர்களில் எத்தனை பேர் மீது குற்றம் நிரூபிக்கப்பட்டது என்ற கேள்விக்குக் கைதட்டல் பதிலாகாது.

இனி மாநகர சபை. எங்கள் கூட்டத்துக்கு வந்திருந்த உள்ளூர் அரசியல்வாதி ஒருவர், மேயரிடம் சொல்லி நடவடிக்கை எடுப்போம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மேயரிடம் என்ன அதிகாரம் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி ஒருவரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும் சட்ட அதிகாரம் யாழ். மேயருக்கு இல்லை. 2021 ஏப்ரலில் அப்போதைய மேயர் வி. மணிவண்ணன் ஐந்து மாநகரசபை ஊழியர்களுக்குச் சீருடை கொடுத்து, குப்பை போடுபவர்களையும் எச்சில் துப்புபவர்களையும் பிடிக்கும் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். சீருடை புலிகளின் காவல்துறை உடையைப் போல இருக்கிறது என்று சொல்லிப் பயங்கரவாத விசாரணைப் பிரிவு அவரைக் கைதுசெய்தது. கொழும்பு மாநகர சபை ஊழியர்களின் உடையைப் பார்த்தே அதைத் தெரிவுசெய்ததாக அவர் சொன்னார். அன்றே நீதிமன்றம் பிணை வழங்கியது. வெற்றிலைத் துப்பலைத் தடுக்கப் போன மேயருக்கு நடந்தது இது என்றால், வாள்வெட்டைத் தடுக்க ஒரு மேயர் என்ன செய்துவிட முடியும் என்று சனம் நினைப்பதில் பிழையில்லை.

பொலிஸ் அதிகாரம் சட்டப் புத்தகத்தில் இருக்க வேண்டிய இடம் மாகாண சபை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் மாகாணத்துக்கென ஒரு பொலிஸ் பிரிவையும், முதலமைச்சர் பெயர் குறிக்கும் ஒருவரும் இருக்கும் மூன்று பேர் கொண்ட மாகாணப் பொலிஸ் ஆணைக்குழுவையும் சொல்கிறது. வந்த எந்த ஜனாதிபதியும் அதை நடைமுறைப்படுத்தவில்லை. 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு, இதை எழுதும் வரை, தேர்தலே இல்லை. எங்கள் கட்சிகள் பொலிஸ் அதிகாரத்தை மேடையில் கேட்பதில் குறைவைக்கவில்லை. ஆனால் அந்த அதிகாரம் கிடைத்தால் ஒரு மாகாணப் பொலிஸ்காரர் குளப்பிட்டியில் செய்ததைச் செய்யமாட்டார் என்பதற்கு என்ன ஏற்பாடு என்று ஒரு கட்சியாவது எழுதிவைத்து நான் வாசித்ததில்லை. தமிழில் பேசுபவர் அடித்தாலும் நோகும்.

கூட்டத்தில் இதற்கு அருகில் ஒரு வாக்குவாதம் வந்தது. தமிழ்ப் பொலிஸ் போதாது என்று ஆசிரியர் சொல்ல, "உங்கட பேரனை அனுப்புவியளோ?" என்று ஒருவர் கேட்டார். சிரிப்பு எழுந்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. "அனுப்பமாட்டன். தெற்கில கொண்டுபோய்ப் போடுவினம். இங்க வந்தாலும் சனம் ஒரு மாதிரிப் பாக்கும்" என்றார். வடக்கில் பொலிஸ் சேவைக்கு ஆட்கள் விண்ணப்பிப்பதில்லை என்று அதிகாரிகள் குறைசொல்லும் ஒவ்வொரு முறையும் இந்தப் பதிலை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்களுக்கும்தான்.

மேயரால் முடியாததைப் பேசுவதோடு கூட்டம் முடிந்துவிடும்போல இருந்தது. முடிந்ததைப் பேசியவர் மகனுக்காகப் பயந்த அதே தாய்தான். எரித்த இடத்துக்குப் பக்கத்து மின்கம்பத்தில் விளக்கு எரிந்து ஐந்து மாதம். அதற்கு அடுத்த வளவு சொந்தக்காரர் வெளிநாட்டில், பற்றை ஆள் உயரம். தெருவிளக்கும் பற்றைக் காணியும் மாநகர சபையின் பொறுப்புக்குள் வருபவை. அதற்கு 13ஆவது திருத்தம் தேவையில்லை. 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு நகரத்துக்கு மீண்டும் தெரிவுசெய்யப்பட்ட சபை இருக்கிறது, மதிவதனி விவேகானந்தராஜா மேயராக இருக்கிறார். வட்டார உறுப்பினரின் வீடு எங்கள் சனசமூக நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். வாக்குக் கேட்டு வந்தவரிடம் விளக்குக் கேட்டுப் போக ஏன் இவ்வளவு நாள் எடுத்தது என்று எனக்கு விளங்கவில்லை.

பொலிஸ் காவலரண் கேட்டுக் கையெழுத்து வாங்கும் யோசனை கைவிடப்பட்டது. யாரும் தோற்கவில்லை, நேரம் போய்விட்டது. பதிலாக நாலு பேர் சேர்ந்து வேறு மூன்று வேலைகளைச் செய்தோம். விளக்குக்கும் வளவுக்கும் மாநகர சபைக்கு எழுத்தில் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டோம். மோட்டார் சைக்கிள் சொந்தக்காரரை, தமிழும் சிங்களமும் தெரிந்த ஒரு சட்டத்தரணியோடு பொலிஸ் நிலையத்துக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனோம். அவருடைய வாக்குமூலத்தை வாசித்துக்காட்டச் சொன்னபோது மேசையில் இருந்த உத்தியோகத்தர் முதலில் முகம் சுழித்தார், பிறகு வாசித்தார். எரிந்த நேரம் ஒரு மணித்தியாலம் பிந்திப் பதியப்பட்டிருந்தது. அவர் ஏற்கெனவே ஒருவரோடு காணிப் பிரச்சினை இருந்ததைச் சொல்லியிருந்தார். அந்த வரி அங்கே இல்லை. இரண்டையும் மேலதிக வாக்குமூலமாகச் சேர்த்தார்கள். இந்தமுறை தமிழில் எழுதினார்கள். தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் அந்த நிலையத்தில் இருந்திருக்கிறார், கேட்டால் வருகிறார்.

காணிப் பிரச்சினை என்ற அந்த ஒரு வரி முதல் நாளே பதியப்பட்டிருந்தால் 'வாள்வெட்டுக் குழு' என்ற தலைப்பும் 'கஞ்சா' என்ற ஊகமும் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். செய்தி போட்ட தளங்களுக்கும் எழுதினோம். ஒரு தளம் படத்தை எடுத்துவிட்டது. தலைப்பு அப்படியே இருக்கிறது.

மூன்றாவது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம். பொலிஸ் திணைக்களம் ஆண்டுதோறும் பாரிய குற்றங்களின் எண்ணிக்கையைப் பொலிஸ் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. அதில் யாழ்ப்பாணப் பிரிவுக்கு ஒரு தொகை இருக்கும். எங்கள் பொலிஸ் நிலையத்துக்கு என்ன என்பது அதில் தெரியாது. ஆகவே கேட்டிருக்கிறோம்: கடந்த மூன்று ஆண்டுகளில் வாள்வெட்டு, வீடுகள் மீதான தாக்குதல், தீவைப்பு என்று அந்த நிலையத்துக்கு வந்த முறைப்பாடுகள் எத்தனை, அவற்றில் நீதிமன்றத்துக்குப் போனவை எத்தனை, தீர்ப்பு வந்தவை எத்தனை, முறைப்பாடுகளில் தமிழில் பதியப்பட்டவை எத்தனை, அங்கு கடமையில் இருப்பவர்களில் தமிழில் வாக்குமூலம் எழுதக்கூடியவர்கள் எத்தனை பேர். கடைசிக் கேள்வியைச் சேர்க்கச் சொன்னவர் மோட்டார் சைக்கிள் சொந்தக்காரர்.

விண்ணப்பம் கிடைத்ததாகத் துண்டு தந்திருக்கிறார்கள். தகவல் தருவதா இல்லையா என்று முடிவுசொல்லச் சட்டம் கொடுக்கும் காலம் 14 வேலைநாட்கள். இன்றோடு ஒன்பது போயிருக்கிறது. மின்கம்பத்தில் விளக்கு நேற்றுப் பின்னேரம் போட்டார்கள்.